துக்கத்தை மேடையேற்றிய நம் மாவட்டத்துக்காரர்



குலசை தசராவுக்கு மாலை போட்டவர்கள் காளியாகவும் எமனாகவும் வேடம் கட்டி நம் உடன்குடித் தெருவில் வரும்போது, பிள்ளைகள் மிரண்டு கதவுக்குப் பின்னால் ஒளிவதைப் பார்த்திருப்பீர்கள். வேடத்துக்கு அவ்வளவு வலிமை உண்டு. அதைத் தம் வாழ்க்கையிலேயே கண்டவர் சங்கரதாஸ் சுவாமிகள்.

1867இல் தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். உப்பளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், 24 வயதில் நாடகத்துக்குப் போனார். எமன், சனீஸ்வரன், இரணியன் வேடங்களில் பெயர் வாங்கினார். ஒருமுறை அவருடைய எமன் வேடத்தைக் கண்டு அதிர்ந்த கர்ப்பிணி ஒருவரின் கரு கலைந்துவிட்டதாகச் சொல்வார்கள். அந்த வேதனையில் வேடம் கட்டுவதையே விட்டார். நாடகம் எழுதும், கற்றுத்தரும் வாத்தியார் ஆனார்.

வள்ளி திருமணத்தை எழுதிய அவரே நல்லதங்காளையும் எழுதினார். சிலப்பதிகாரக் கதையைக் கோவலன் நாடகமாக்கினார். காப்பியத்தைப் படித்தறிய முடியாதவர்களும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கும்படி, பாட்டும் வசனமும் கலந்து கொடுத்தார். கணவனை இழந்த கண்ணகிக்காக ஊரே அழுதது. அந்த அழுகையில் தத்தம் வீட்டு இழப்புக்காக அழுதவர்களும் இருந்திருப்பார்கள்தானே?

கோவலன் மதுரைக்குப் புறப்படும்போது வரும் பாட்டில் அந்த ஊரை மாபாவிகள் வாழும் இடம் என்று எழுதியிருந்தார். மதுரைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். சுவாமிகளோ அந்தச் சொல்லைப் பிரித்து, முப்பெருந்தேவியர் கூடி வாழும் ஊர் என்று பொருள் சொல்லிச் சமாளித்தாராம்!

1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பிற்காலத்தில் ஔவை சண்முகம் என்று புகழ்பெற்ற டி.கே. சண்முகம் அங்கேதான் சிறுவனாகச் சேர்ந்தார். அழுகைக் காட்சிகளையும் பிள்ளைகளே நடித்தார்கள். கடைசியில் பக்கவாதம் சுவாமிகளின் பேச்சைப் பறித்தது. 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார்.

நம் ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்குச் சிரிப்பு நாடகம் மட்டும் போதும் என்கிறோம். ஆனால் தாத்தாவையோ பாட்டியையோ இழந்த பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். அடுத்த விழாவில் கோவலனிலிருந்து ஒரு காட்சி போடலாமே? பார்க்கும்போது பிள்ளை அழுதால் அழட்டும். பக்கத்தில் நாம் இருக்கிறோம்.