கூத்தாடி என்ற இகழ்ச்சியைத் துடைக்க முனைந்த நீதிபதி: பம்மல் சம்பந்த முதலியார்

சென்னை: மேடையில் நடிப்பவரைக் கூத்தாடி என்று சமூகம் இகழ்ந்த காலத்தில், வழக்கறிஞர்களையும் பட்டதாரிகளையும் அரிதாரம் பூசச் செய்தவர் பம்மல் சம்பந்த முதலியார். தமிழ் நாடகத் தந்தை எனப் போற்றப்படும் அவர், நடிப்பு கௌரவமான கலை என்பதை நிலைநாட்டத் தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

1873-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி சென்னையில் பிறந்த அவர், இளமையில் தமிழ் நாடகங்களை விரும்பவில்லை. பல்லாரி கிருஷ்ணமாச்சார்லு குழுவினர் சென்னையில் நடத்திய தெலுங்கு நாடகங்கள் அந்த எண்ணத்தை மாற்றின. படித்தவர்கள் கண்ணியமாக நடித்ததைக் கண்டு, 1891-இல் நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 18.

பாட்டுக்கே முதலிடம் அளித்த மேடையில் உரைநடை வசனத்துக்கு அவர் இடம் பெற்றுத் தந்தார். பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்ற அக்காலத்தில், அவருக்கு இணையாகக் கதாநாயகி வேடமிட்டுப் புகழ்பெற்றவர் ரங்கவடிவேலு.

ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' அவரது கையில் 'அமலாதித்யன்' ஆனது. பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியர் 1671-இல் பாரிஸில் அரங்கேற்றிய நகைச்சுவை நாடகத்தைத் தழுவி 'காளப்பன் கள்ளத்தனம்' எழுதினார். மூல நாடகத்தில் ஸ்கபேன் என்னும் வேலைக்காரன், கருமிகளான இரு தந்தையரை ஏமாற்றிப் பணம் பறித்து, அவர்களுடைய மகன்களின் காதலுக்கு உதவுகிறான். நடிகர் என்பதாலேயே தேவாலயச் சடங்கு முதலில் மறுக்கப்பட்டு, மோலியர் இரவில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் மறைந்த 1673-க்குச் சரியாக 200 ஆண்டுகள் கழித்துப் பிறந்த சம்பந்த முதலியாரும் அதே இழிவை எதிர்த்தே மேடையேறினார்.

எஜமானரும் வேலையாளும் என்ற பொருளை அவர் சொந்தமாகவும் கையாண்டார். 'சபாபதி' நாடகத்தில் ஜமீன்தாருக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். 1941-இல் ஏவி. மெய்யப்பன் அதைத் திரைப்படமாக்கினார். 'மனோகரா', 'வேதாள உலகம்' ஆகிய நாடகங்களும் திரைக்கு வந்தன.

வழக்கறிஞராகப் பணியாற்றிய அவர், 1924 முதல் 1928 வரை சென்னை சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாக இருந்தார். ஓய்வுக்குப் பின் 'நாடக மேடை நினைவுகள்' என்ற தன்வரலாற்றை எழுதினார். அவர் எழுதிய நாடகங்கள் 90-க்கும் மேற்பட்டவை.

எனினும், பொழுதுபோக்காக நடித்த கனவான்களுக்குக் கிடைத்த மதிப்பு, நடிப்பையே பிழைப்பாகக் கொண்டவர்களை எட்டப் பல ஆண்டுகள் ஆயின. அவரது 'மனோகரா'வை டி.கே.எஸ். சகோதரர்கள் போன்ற தொழில்முறைக் கலைஞர்களும் நடித்தது அந்த இடைவெளியைக் குறைக்க உதவியது.

1959-இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1964 செப்டம்பர் 24-ஆம் தேதி தமது 91-ஆவது வயதில் காலமானார்.