சிறைக்குள் கூடிய நகர்மன்றம்
ஜார்ஜ் லான்ஸ்பரி வாழ்க்கை வரலாறு

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் ஆங்கிலேயர் ஒருவரின் வரலாறு எதற்கு என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. நம்மவர் பலர் ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் உறுப்பினராக அமர்ந்துள்ளனர். அவர்கள் முன் வைக்கப்பெறும் வரவு செலவுக் கணக்கின் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவருடைய அடுப்போடு தொடர்புடையது. அத்தகைய கணக்கு ஒன்றின் பொருட்டே சிறை சென்ற நகர்மன்றம் ஒன்று இலண்டன் மாநகரில் இருந்தது. அதனை முன்னின்று நடத்திய பெருமகனாரே ஜார்ஜ் லான்ஸ்பரி.

இவர் 1859ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22ஆம் நாள் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பிறந்தார். தந்தையார் இருப்புப்பாதை அமைக்கும் பணியில் ஈடுபட்டிருந்தவர். வேலை சென்ற இடமெல்லாம் குடும்பமும் சென்றது. இறுதியில் கிழக்கு இலண்டனில் குடியேறியது. பதினான்கு வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. பின்னர் நிலக்கரி இறக்கும் வேலை வரை பல வேலைகளைச் செய்தார். 1880இல் பெஸ்ஸி பிரைன் என்னும் நங்கையை மணந்தார்.

1884இல் ஆஸ்திரேலியா சென்றால் வேலையும் வளமும் காத்திருக்கின்றன என்ற விளம்பரத்தை நம்பி, மனைவி மக்களோடு கப்பலேறினார். அங்கே காத்திருந்தது கல்லுடைக்கும் வேலைதான். அதுவும் நிலையாகக் கிடைக்கவில்லை. மாமனார் பணம் அனுப்பியதால் 1885இல் நாடு திரும்பி, அவருடைய மர அறுவை ஆலையிலேயே வேலைக்கு அமர்ந்தார். திரும்பியதும் வாளாவிருந்தாரில்லை; பொய் விளம்பரம் செய்து ஏழைகளைக் கப்பலேற்றுவதைக் கண்டித்து மேடைதோறும் பேசினார். கங்காணியின் சொல்லை நம்பி இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய குடும்பங்களை அறிந்த நமக்கு இது புதுக்கதையன்று. அவருடைய பொதுவாழ்வு இவ்வாறு சொந்த அனுபவத்திலிருந்தே தொடங்கிற்று. முதலில் லிபரல் கட்சிக்காகத் தேர்தல் வேலை பார்த்தவர், 1892இல் அக்கட்சியை விடுத்துப் பொதுவுடைமைக் கொள்கையினரோடு சேர்ந்தார்.

1893இல் பாப்ளர் வட்டாரத்தின் ஏழையர் காப்பாளர் குழுவிற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இக்குழு யாது என்பதைச் சற்று விளக்குதல் வேண்டும். வறியோர்க்கு உதவும் கடமை அந்நாட்டில் அந்தந்த வட்டாரத்தையே சார்ந்தது. செலவும் அவ்வட்டாரத்து வீட்டு வரியிலிருந்தே வரவேண்டும். 1834ஆம் ஆண்டுச் சட்டம் இதனை மிகக் கடுமையாக்கிற்று. உதவி கேட்போர் ஏழையர் விடுதிக்குள் புகவேண்டும். அவ்விடுதியில் வாழ்வு வெளியே உள்ள கடைநிலைக் கூலியாளின் வாழ்வைக் காட்டிலும் இழிந்ததாக இருத்தல் வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. கணவன் ஒருபுறம், மனைவி ஒருபுறம், குழந்தைகள் வேறொருபுறம் எனப் பிரிக்கப்பட்டனர். கேட்பதற்கே ஒருவன் நாணவேண்டும் என்று கருதி வகுக்கப்பட்ட உதவி அது.

விடுதியைப் பார்வையிடச் சென்ற லான்ஸ்பரி அலுவலகத்தில் அமர்ந்து பதிவேட்டைப் பார்த்ததோடு நிற்கவில்லை. சமையற்கூடத்திற்குச் சென்று கஞ்சிப் பாத்திரத்தைக் கிளறிப் பார்த்தார். எலிப் புழுக்கை கிடந்தது. பதிவேட்டில் உணவுக்கான செலவு முறையாகவே எழுதப்பட்டிருந்திருக்கும் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. அவரும் வில் குரூக்ஸ் என்னும் தொழிலாளர் தலைவரும் பிற நண்பரும் சேர்ந்து உணவை மாற்றினர். இழிவுக்குறியான விடுதி உடையை ஒழித்தனர். முதியோரை மனிதராக நடத்தச் செய்தனர்.

இவற்றினும் நம் போன்ற கல்விச் சங்கத்தார் ஊன்றி நோக்கவேண்டியது பிள்ளைகள் பள்ளியைத்தான். ஆதரவற்ற பிள்ளைகள் ஃபாரஸ்ட் கேட் என்னுமிடத்தில் பெருங்கூட்டமாக அடைக்கப்பட்டிருந்தனர். மொட்டையடித்த தலையும் ஒரே மாதிரிச் சீருடையும் அவர்கள் யார் என்பதை ஊருக்கெல்லாம் அறிவித்தன. லான்ஸ்பரி அவ்வடையாளங்களை நீக்கப் பாடுபட்டார். பின்னர் எசெக்ஸ் நாட்டுப்புறத்தில் ஹட்டன் என்னுமிடத்தில் காற்றோட்டமான புதிய பள்ளி கட்டப்பட்டது. ஏழைப் பிள்ளைகளுக்கு இத்துணைச் செலவா என்று வரி செலுத்துவோர் சங்கத்தினர் கூச்சலிட்டனர். அக்கூச்சலின் பொருள் நமக்கு நன்கு விளங்கும்.

கூச்சல் வளர்ந்து 1906இல் அரசின் விசாரணையாக முடிந்தது. பாப்ளர் காப்பாளர்களின் நிர்வாகம் தளர்ச்சியுடையது, செலவு மிகுதி என்று விசாரணை அறிக்கை குறை கூறிற்று. லான்ஸ்பரியின் நாணயத்தின்மீது மட்டும் களங்கம் சுமத்த இயலவில்லை. குறைகள் சில உண்மையாகவே இருந்தன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. நல்ல நோக்கம் உடையோரும் ஒப்பந்தங்களையும் சிட்டைகளையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தல் வேண்டும். பாராவிடின் எதிரிக்குக் கையில் கோல் கொடுத்தவராவர்.

இதற்கிடையே 1905இல் அமைக்கப்பட்ட ஏழையர் சட்ட அரச ஆணையத்தில் அவரும் உறுப்பினராயிருந்தார். 1909இல் பெரும்பான்மையோரின் அறிக்கையை ஏற்காமல், பியாட்ரிஸ் வெப் அம்மையாரோடு சேர்ந்து சிறுபான்மை அறிக்கையில் ஒப்பமிட்டார். ஏழையர் சட்டத்தையே கலைத்துவிட்டு, நோயாளியை மருத்துவத் துறையும் பிள்ளையைக் கல்வித் துறையும் வேலையற்றவனைத் தேசிய அரசும் ஏற்கவேண்டும் என்பது அதன் சாரம். எழுபது வயது நிரம்பிய ஏழையர்க்கு வாரம் 5 ஷில்லிங் வரை முதியோர் ஓய்வூதியம் அதே ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்திருந்தது. ஏழையர் விடுதியின் வாயிலை மிதியாமலே பெறக்கூடிய அத்தொகை, பல முதியோர்க்கு வாழ்வில் முதன்முதல் கிடைத்த மானமான உதவியாகும்.

1910 இறுதியில் நாடாளுமன்றம் புகுந்த அவர், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டித் தாமாகவே பதவி துறந்து 1912இல் மீண்டும் போட்டியிட்டுத் தோற்றார். மறு ஆண்டு அதே கொள்கைக்காகச் சிறையும் சென்றார். ‘டெய்லி ஹெரால்டு’ இதழின் ஆசிரியராகவும் பல்லாண்டு விளங்கினார்.

இனி 1919க்கு வருவோம். அவ்வாண்டு பாப்ளர் நகர்மன்றத் தேர்தலில் 42 இடங்களுள் 39 இடங்களைத் தொழிற்கட்சி கைப்பற்றியது. துறைமுகத் தொழிலாளரும் இருப்புப்பாதைத் தொழிலாளரும் இல்லத்தரசியரும் மன்றத்தில் அமர்ந்தனர். லான்ஸ்பரி மேயரானார். வீடுகள் கட்டினர், தாய்சேய் நலத்திற்குச் செலவிட்டனர், மன்றத்தின் ஊழியர்க்கு, ஆணாயினும் பெண்ணாயினும், வாரம் 4 பவுன் குறைந்தபட்சக் கூலி என்று முடிவு செய்தனர்.

அப்போது வேலையில்லாத் திண்டாட்டம் சூழ்ந்தது. துறைமுகம் ஓய்ந்தது, உதவி கேட்போர் தொகை நாளுக்கு நாள் பெருகிற்று. வரி முறையின் கொடுமை அப்போதுதான் முழுவதும் வெளிப்பட்டது. வீட்டின் வாடகை மதிப்பில் பவுனுக்கு ஒரு பென்னி வீதம் வரி விதித்தால், செல்வர் வாழும் வெஸ்ட்மின்ஸ்டரில் 31,000 பவுனுக்கு மேல் திரளும். பாப்ளரில் சுமார் 3,600 பவுனே கிடைக்கும். ஆயின் உதவி வேண்டுவோர் நிறைந்திருப்பது பாப்ளரில். ஏழை ஊரின் ஏழைகளை அவ்வூர் ஏழைகளே தாங்கவேண்டும். செல்வர் ஊரோ குறைந்த வரியோடு கவலையின்றி இருக்கும். ஆண்டுக்கணக்காகச் சமன்பாடு கேட்டும் பயனில்லை.

1921 மார்ச்சில் மன்றம் ஒரு முடிவுக்கு வந்தது. இலண்டன் மாநில மன்றம், காவல்துறை முதலிய மேலமைப்புகளுக்காக மன்றம் வரியோடு சேர்த்துத் திரட்டிக் கொடுக்கும் பங்குத்தொகையை இனி விதிப்பதில்லை, செலுத்துவதுமில்லை என்பதே அம்முடிவு. வேலையற்றோர்க்கு உதவுவதற்குப் போதுமான வரி மட்டும் விதிக்கப்பட்டது. மேலமைப்புகள் வழக்குத் தொடுத்தன. சூலை 29ஆம் நாள் மன்றத்தார் செங்கோல் தாங்கியவர் முன்செல்ல, கொடியும் இசையுமாக, மக்கள் புடைசூழ உயர்நீதிமன்றத்திற்கு நடந்தே சென்றனர். செலுத்துமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. அவர்கள் பணியவில்லை. செப்டம்பர் முதல் வாரத்தில் உறுப்பினர் முப்பதுபேர் சிறைப்பட்டனர். ஆடவர் பிரிக்ஸ்டன் சிறையிலும் பெண்டிர் ஹாலோவே சிறையிலும் வைக்கப்பட்டனர். லான்ஸ்பரியின் மகன் எட்கரும் மருமகள் மின்னியும் அவர்களுள் அடங்குவர். நெல்லி கிரெஸ்ஸல் என்னும் உறுப்பினர் நிறைசூலியாயிருந்தார்.

சிறைக்குள்ளும் மன்றம் நின்றுவிடவில்லை. கூட்டம் நடத்தும் உரிமையைக் கேட்டுப் பெற்றனர். ஹாலோவேயிலிருந்து பெண் உறுப்பினர் வண்டியில் அழைத்துவரப்பட, பிரிக்ஸ்டன் சிறையிலேயே நகர்மன்றம் கூடித் தீர்மானங்களை நிறைவேற்றியது. வெளியே மக்கள் அணிதிரண்டனர். அண்டை வட்டாரங்களான ஸ்டெப்னியும் பெத்னல் கிரீனும் தாமும் அவ்வழியே செல்வதாக முடிவு செய்தன. தொழிற்கட்சியிலேயே ஹாக்னி மேயர் ஹெர்பர்ட் மாரிசன் போன்றார் இம்முறையை எதிர்த்தனர் என்பதையும் குறிப்பிடவேண்டும்; சட்டத்தை மீறும் மன்றத்தை நாளை யார் நம்புவர் என்பது அவர்தம் அச்சம். அவ்வச்சத்தை முற்றும் புறந்தள்ள நம்மால் இயலவில்லை. எனினும் மனுக்களால் ஆகாதது சிறையால் ஆயிற்று. ஆறு வாரங்களுக்குப் பின், அக்டோபர் 12ஆம் நாள் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். அவ்வாண்டே இயற்றப்பட்ட சட்டத்தால், ஏழையர் உதவிச் செலவின் பெரும்பகுதி இலண்டன் முழுவதற்கும் பொதுவான நிதியின் பொறுப்பாயிற்று.

வெற்றிக்கு விலையும் இருந்தது. மின்னி 1922 சனவரி முதல் நாள் நுரையீரல் அழற்சியால் மறைந்தார். அவருக்கு வயது 32.

அடுத்து வந்தது தணிக்கை. விலைவாசி இறங்கியபின்னும் மன்றம் 4 பவுன் கூலியைக் குறைக்கவில்லை. பெண்களுக்கும் அதே கூலி. சந்தைக் கூலிக்கு மேற்பட்ட தொகை சட்டத்துக்குப் புறம்பானது என்று கூறி, அரசின் தணிக்கையாளர் உறுப்பினர்மீது 5,000 பவுன் தண்டத்தீர்வை விதித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் மன்றத்தின் பக்கம் நின்றது. ஆனால் 1925இல் பிரபுக்கள் சபை தணிக்கையாளரே சரி என்று தீர்ப்பளித்தது. மன்றத்துக்குத் தகுந்தது எனத் தோன்றும் கூலியைத் தரலாம் என்று சட்டம் கூறியிருந்தும், அது நியாயமான அளவுக்குள் அடங்கவேண்டும் என்பது நீதிபதிகளின் கருத்து. தணிக்கையாளரின் வாதத்தில் ஒரு பகுதி வலுவுடையதே. வரி செலுத்தியவரும் பெரும்பாலும் ஏழைகளே. ஆயினும் பெண்ணுக்குச் சமகூலி கொடுத்ததையே அளவுமீறலின் அடையாளமாக எண்ணிய தீர்ப்பை நம்மால் ஏற்க இயலாது. தணிக்கை தேவை. எதை வீண் என்று தணிக்கை கருதுகிறது என்பதையும் மக்கள் உற்றுநோக்குதல் தேவை.

அரசு மேலும் இறுக்கிற்று. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தால், தாராளமாக உதவிய வெஸ்ட்ஹாம் போன்ற இடங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட காப்பாளர்களை நீக்கி நியமன அதிகாரிகளை அமர்த்தியது. 1927ஆம் ஆண்டுச் சட்டம், பெருந்தொகை தண்டத்தீர்வைக்கு ஆளானோர் பதவி வகிக்கும் தகுதியை இழக்கச் செய்தது. 1929ஆம் ஆண்டுச் சட்டத்தால் காப்பாளர் குழுக்களே ஒழிந்தன. குழு ஒழிந்தும் கொடுமை ஒழியவில்லை. 1931இல் வேலையற்றோர் உதவித்தொகை குறைக்கப்பட்டு, வீட்டில் உள்ளோர் அனைவரின் வருவாயையும் துருவி ஆராயும் சோதனை புகுத்தப்பட்டது. மகன் சம்பாதித்தால் தந்தையின் உதவி குறைந்தது. அதனால் பிள்ளைகள் வீட்டைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் பல.

1929 முதல் 1931 வரை அமைச்சராயிருந்த லான்ஸ்பரி, இலண்டன் பூங்காக்களை எளிய மக்களுக்குத் திறந்துவிட்டார். ஹைடு பூங்காவின் ஏரியில் பொதுமக்கள் நீராடும் இடம் அவர் அமைத்ததே. இந்தியாவின் தன்னாட்சி கோரிய மசோதா ஒன்றை 1925இல் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவரும் அவரே. டாக்டர் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனாரும் பங்குகொண்ட 1931ஆம் ஆண்டு வட்டமேசை மாநாட்டின்போது காந்தியடிகள் தங்கியது, லான்ஸ்பரியின் போ வட்டாரத்து கிங்ஸ்லி மாளிகையிலேயாம்.

1932இல் தொழிற்கட்சியின் தலைவரானார். எவ்வகைப் போரையும் ஏற்காத அவருடைய கொள்கை கட்சியோடு மோதியதால் 1935இல் விலகினார். 1937இல் இட்லரை நேரில் கண்டு பேசி அமைதி காக்கலாம் என்று நம்பியது அவருடைய பெரும்பிழை என்றே நாம் கருதுகிறோம். வீட்டு வரியின் கணக்கில் ஏமாறாதவர் உலகக் கணக்கில் ஏமாந்தார்.

1940 மே 7ஆம் நாள் அவர் காலமானார். போ சாலையில் எந்நேரமும் ஏழைகளுக்குத் திறந்திருந்த அவருடைய இல்லம், அதே போரில் செருமானியர் குண்டுவீச்சுக்கு இரையாயிற்று. போருக்குப் பின் பாப்ளரில் எழுப்பப்பட்ட தொழிலாளர் குடியிருப்பு ஒன்று 1951இல் அவர் பெயரால் திறக்கப்பட்டது. மருமகள் மின்னியின் நினைவாக வைக்கப்பட்ட கடிகாரம் போ சாலையில் இருக்கிறது.