கூகையின் மூளையிற் கண்ட வலை

வட இத்தாலியின் மலைநாட்டிலே, கோர்த்தெனோ என்னும் சிற்றூரில், 1843 ஆம் ஆண்டு யூலை மாதம் 7 ஆந் திகதி, வைத்தியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் கமிலோ கொல்கி. பாவியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1865 இல் பட்டம் பெற்றார். பொருள் நெருக்கடி அவரை 1872 இல் அபியாத்தேகிராசோ நகரத்துத் தீராநோயாளர் மருத்துவமனைக்கு அனுப்பியது. ஆராய்ச்சிக்கூடம் அங்கில்லை, தம் இருப்பிடத்துச் சிறு அடுக்களையையே அவர் ஆராய்ச்சிக்கூடமாக்கினார்.

மூளைத் துண்டுகளைப் பொற்றாசியம் இருகுரோமேற்றுக் கரைசலில் ஊறவிட்டு, பின் வெள்ளி நைத்திரேற்றில் அமிழ்த்தினார். மஞ்சட் பரப்பிலே சிற்சில நரம்புக் கலங்கள் மட்டும், கிளை கொம்புகளோடு கரியாற் தீட்டியவை போன்று தோன்றின. 1873 இல் வெளியான இம்முறை நரம்பியலுக்கே கண் திறந்தது.

இக்கண்ணைக் கொண்டு நோக்கிய ஸ்பானிய அறிஞர் ரமோன் இ கஹால், ஒவ்வொரு நரம்புக் கலமும் தனித்தது எனக் கண்டார். கொல்கியோ, அவை யாவும் ஒன்றோடொன்று பின்னிய ஒரே வலை என்றே நம்பினார். 1906 இல் நோபல் பரிசு இருவர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டபோது, ஸ்ரொக்கோம் மேடையிலேயே கொல்கி கஹாலின் கொள்கையை மறுத்துரைத்தார். காலம் கஹாலின் பக்கமே தீர்ப்பளித்தது.

ஆயின் கொல்கி கண்ட வேறொரு வலையும் உண்டு. 1898 இல், கூகையின் சிறுமூளைக் கலங்களுக்குள்ளே நுண்ணிய பின்னலொன்றை அவர் கண்டறிந்து வெளியிட்டார். அது சாயம் செய்த மாயமென்று பலர் தள்ளினர். 1926 சனவரி 21 இல் அவர் கண்மூடியபோதும் அவ்வழக்குத் தீர்ந்திலது. 1950 களில் இலத்திரன் நுணுக்குக்காட்டியே, அடுக்கிய தட்டைப் பைகளாக அதனை ஐயமறக் காட்டியது.

அதன் தொழிலை விளக்கியவர்கள் ஜோர்ஜ் பலாடேயும் அவர்தம் துணைவருமாவர். கினிப் பன்றியின் சதையிக் கலங்களில், கதிர்த்தொழிற்பாடுடைய அமினோ அமிலங்களின் வழியைத் தொடர்ந்து சென்று அவர்கள் உண்மை கண்டனர். கலத்துள் ஆக்கப்படும் புரதம் கொல்கி உபகரணத்தை அடைந்து புடகங்களுட் பொதியப்படுகின்றது. புடகம் கலத்தின் ஓரத்தை அணுகி, அதன் மென்சவ்வோடு தன் சவ்வை ஒன்றாக்கி, வெளிப்புறமாக வாய் திறக்கின்றது. சவ்வு கிழிவதில்லை, சரக்கு மட்டும் வெளியேறுகின்றது. இன்சுலின் குருதியிற் சேர்வதும் இவ்வழியாலேயே. பலாடே 1974 இல் நோபல் பரிசிற் பங்கு பெற்றார்.

நரம்புக் கலங்களுக்கிடையே கொல்கி ஏற்க மறுத்த இடைவெளி மெய்யாகவே உள்ளது. அதனைக் கடந்து செய்தி சொல்லும் இரசாயனப் பொருள்களும், இவ்வாறே புடகங்கள் சவ்வோடு கூடித் திறப்பதனால் வெளிப்படுகின்றன. கொல்கி உறுதியாகப் பற்றியிருந்த வலை அறுந்தது. பிறர் ஐயுற்ற வலையோ இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.