இராமானுஜன் கண்ட பேரெண்

கணித மேதை சீனிவாச இராமானுஜனின் பேச்சு நம் இல்லங்களில் எழுந்தால் 1729 என்னும் எண்ணும் உடன் எழும். ஆயினும் அவருக்குப் பட்டம் ஈட்டித் தந்த ஆராய்ச்சியின் உச்சியில் நிற்பது வேறோர் எண்: 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் தோன்றிக் கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். கணிதத்தில் மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் கல்லூரி உபகாரச் சம்பளம் பறிபோயிற்று. பின்னர் எழுதிய எப்.ஏ. பரீட்சையிலும் தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தாவானார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவர் வாழ்வை மாற்றிற்று. 1914 மார்ச்சில் கப்பலேறினார்; சில மாதங்களில் உலகப் போர் மூண்டது. மரக்கறி உணவை விடாது தம் கையாலேயே சமைத்துண்டார். ஊர் விட்டு வந்த நமக்கு அந்தச் சமையலின் அருமை தெரியும்.

அங்கு அவர் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று குழந்தைக்கும் விளங்கும். 12-ஐ மீதியின்றி வகுப்பவை 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. அதனிற் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் இல்லை. 24, 60 ஆகியனவும் இவ்வினமே. நாளை அறுபது நாழிகையாக நம் முன்னோர் பகுத்தது எத்துணை வசதி! பாதி, கால், மூன்றிலொன்று, ஐந்திலொன்று யாவும் பின்னமின்றி வரும். இவற்றை மிகுபகு எண்கள் எனலாம்.

முதலிற் கூறிய பேரெண்ணும் அவ்வகையே. 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இவ்விரு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. இவற்றைப் பெருக்கினால் அவ்வெண் கிடைக்கும். பகா எண் பெரிதாகப் பெரிதாக அது வரும் முறை ஏறுவதில்லை. இறுதிப் பகா எண் ஒரே முறைதான் வரும். 4, 36 இரண்டுமே விலக்கு. இவற்றையெல்லாம் இராமானுஜன் நிறுவினார். வகுத்திகளை எண்ணவும் வழி உண்டு. முறை ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குக: 7, 5, 3, 3, பிறகு ஐந்து இரண்டுகள். விடை 10,080.

கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் இத்தகைய எண்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றைத் தேடிப் பட்டியலிட்டார். இடையே ஒன்று மட்டும் விடுபட்டது: 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. பட்டியலின் இறுதியில் நிற்கும் பேரெண்ணை 23-ஆல் வகுத்தால் வருவது அதுவே!

1915-ல் கட்டுரை வெளிவந்தது. எப்.ஏ. தேறாதவர் அதன் பயனாக 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜின் பி.ஏ. பட்டதாரி ஆனார். 1918-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. அதற்குள் நோய் பற்றிக்கொண்டது. 1919-ல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில், முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

இலண்டன் கணிதக் கழகத்துக்கு அன்று பணமுடை. ஆதலால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமல் நின்றது. அப்பகுதி 1997-ல், இராமானுஜன் பெயர் தாங்கிய கணித ஏட்டில், பிரெஞ்சு அறிஞர் இருவரின் குறிப்புகளோடு வெளிவந்தது.