வெள்ளைச் சேலையில் ஒரு குரல்: கே.பி. சுந்தராம்பாள்

அக்கரப்பத்தனை லயத்தில் என் அம்மாயி, கொழுந்து பறித்துவிட்டு வந்து, வானொலியில் கே.பி. சுந்தராம்பாள் பாட்டென்றால் அசையமாட்டார். இளவயதிலேயே தாத்தாவை இழந்தவர் அவர்.

1908இல் கொடுமுடியில் பிறந்த சுந்தராம்பாள், வறுமையால் ரயிலில் பாடிக் காசு சேர்த்த சிறுமி. அந்தக் குரலே அவரை நாடக மேடையேற்றியது. இலங்கைக்கு நாடகமாட வந்த இடத்தில்தான் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு இணைந்து நடித்தார். 1927இல் திருமணம்.

1933இல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளைச் சேலை உடுத்தினார். ஆணுக்கு ஜோடியாக நடிக்க மறுத்தார். பாட்டை மட்டும் விடவில்லை. 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்து, ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார்.

யுத்தத்தில் கணவனை இழந்து, உழைத்துப் பிள்ளைகளை வளர்க்கும் நம் பெண்களைக் காணும்போதெல்லாம், இந்த இருவரும் என் நினைவுக்கு வருகிறார்கள்.