கணக்கர் வேலை பார்த்த கணித மேதை



இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளும் உண்டு. வாங்காத பிள்ளைகளும் உண்டு. இருவருமே அறிய வேண்டியது கணித மேதை சீனிவாச இராமானுஜனின் கதை. கேளுங்கள்.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தார், வளர்ந்தது கும்பகோணத்தில். தகப்பனார் துணிக்கடைக் கணக்குப்பிள்ளை. ஏழைக் குடும்பம். கணக்கிலே பள்ளிக்கே முதல்வராக இருந்த பையன், 1904-ல் உதவிச் சம்பளத்தோடு கல்லூரியில் சேர்ந்தார். மற்றப் பாடங்களில் மனம் செல்லவில்லை. தேர்வில் தவறினார், உதவிச் சம்பளமும் போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேறவில்லை. ஊர் என்ன பேசியிருக்கும்? நினைத்துப் பாருங்கள்!

காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டிலே கணக்குப் போட்டு, முழங்கையாலே அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதி வைத்தார். அந்த நோட்டைப் பார்த்த இராமசாமி ஐயரும் இராமச்சந்திர ராவும் கை கொடுத்தார்கள். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் கணக்கர் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 30 ரூபாய்.

அப்போது 1 ரூபாய்க்கு 16 அணா, 1 அணாவுக்கு 12 பை. எல்லாவற்றையும் பையாக மாற்றிக் கூட்டினால் பின்னமே வராது. நாமும் 3 வெள்ளி 25 காசை 325 காசு என்று வைத்துக் கூட்டலாம். கடைசியில் இரண்டு இலக்கம் தள்ளிப் புள்ளி வைத்தால் போதும். புள்ளி இடம் மாறாது. இதுதான் நிலைப்புள்ளிக் கணக்கு. விலை மலிவான கணினிச் சில்லுகள் பல, குரலையும் இதயத் துடிப்பையும் இப்படித்தான் எண்களாக்கிக் கணக்கிடுகின்றன. ஆனால் முடிவில்லாத தசமம் வந்தால் வெட்டியாக வேண்டும். வெட்ட வெட்டப் பிழை சேரும்.

இராமானுஜன் 1913-ல் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார், 1914-ல் கப்பலேறினார். 1918-ல் இராயல் சொசைட்டி உறுப்பினரானார். அதே ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை ஒன்று ஒருவகைக் கூட்டலை ஆராய்ந்தது. 72, 144, 216, 288 பாகைகளின் கோசைன்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் முடிவில்லாத் தசமம். நான்கையும் கூட்டினால் சரியாக −1! இராமானுஜன் கூட்டல்கள் எப்போதும் முழு எண்களே. வெட்ட வேண்டியதே இல்லை.

இதனால் என்ன பயன்? ஒரு நிரையில் 2 நாளுக்கு ஒருமுறையும் இன்னொன்றில் 3 நாளுக்கு ஒருமுறையும் பால் வெட்டினால், நிறுவைக் கணக்கில் இரண்டு சுற்றும் கலந்து கிடக்கும். அப்படி மறைந்திருக்கும் சுற்றுகளைப் பிரித்தெடுக்க இந்தக் கூட்டல்கள் உதவும் என்பதை, 2014-ல் அமெரிக்காவில் பேராசிரியர் பி.பி. வைத்தியநாதன் விரிவாக எழுதினார்.

கணினியைக் கண்ணாலும் காணாத இராமானுஜன், நோயோடு 1919-ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் மறைந்தார். வயது 32 தான்.

மாணவர்களே, மற்றப் பாடங்களை விட்டுவிடலாம் என்று எண்ணாதீர்கள். அந்தத் தோல்விகள் அவருடைய அருமையான ஆண்டுகளைத் தின்றுவிட்டன. பெற்றோர்களே, கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களிலும் ஒரே பாடத்தில் மட்டும் மின்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மதிப்பெண் அட்டையில் சிவப்பு மையைக் கண்டதும் ஏசிவிடாதீர்கள். அந்தப் பிள்ளையின் நோட்டையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.