மேஜர் தியான் சந்த்: ஒரு பட்டாளத்துக்காரரின் குடும்பக் கதை



நம்ம கூட்டமைப்பு மலருக்கு மறைந்த பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னாங்க. நான் மேஜர் தியான் சந்த் பேரைச் சொன்னேன். யாரு அவருன்னு நம்ம குழுவிலேயே சிலர் கேட்டாங்க. கோவில்பட்டி பக்கம் இருந்துக்கிட்டு அவரைத் தெரியாம இருக்கலாமா? பள்ளிக்கூடம் விட்டதும் நம்ம பிள்ளைகள் மட்டையைத் தூக்கிக்கிட்டு ஓடுற ஹாக்கி விளையாட்டில், உலகமே இன்னும் சொல்லுற பேரு அவரு பேருதான். ஆனா கோல் கணக்குச் சொல்ல மட்டும் நான் இதை எழுத வரலை. அவர் ஒரு பட்டாளத்துக்காரர். பெரிய குடும்பத்தைச் சுமந்த மனுசர். ஊரே கைதட்டின ஒருத்தர் வீட்டில் அடுப்பு எப்படி எரிஞ்சதுங்கிறது நாம தெரிஞ்சுக்க வேண்டிய சங்கதி.

1905ஆம் வருசம் ஆகஸ்ட் 29ஆம் தேதி வடக்கே அலகாபாத்தில் பிறந்தார். அவருக்கு வச்ச பேரு தியான் சிங். அப்பா வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்தில் இருந்தார். பட்டாளத்துக்காரர் வீடு எப்படின்னு நமக்குத் தெரியும். இன்னைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர். இப்படி மாறி மாறிப் போனதில் பிள்ளையின் படிப்பு ஆறு வருசத்தோடு நின்னுபோச்சு. கடைசியில் ஜான்சியில் வீடு கட்டிக்க ஒரு துண்டு நிலம் கிடைச்சு, குடும்பம் அங்கேயே தங்கிட்டது. ஜான்சி ராணி வாளெடுத்த அதே ஊர்தான்.

சின்ன வயசில் அவருக்கு ஹாக்கி மேல பெரிசா ஆசை எதுவும் இல்லை. மல்யுத்தம்தான் பிடிக்குமாம். 1922இல், 17ஆவது பிறந்த நாள் அன்னைக்கே, சாதாரணச் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்தார். அங்கேதான் மட்டையைக் கையில் எடுத்தார். பாலே திவாரின்னு ஒரு சுபேதார் மேஜர் அவருக்கு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார். பகலெல்லாம் டியூட்டி. ராத்திரிதான் பயிற்சி. விளக்கு வசதி இல்லாத காலம். நிலா எப்போ வரும்னு காத்திருந்து, அந்த வெளிச்சத்தில் பந்தை ஓட்டிப் பழகுவார். அதைப் பார்த்துக் கூட இருந்தவங்க சந்த்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. சந்த்னா நிலா. அந்தப் பேரே நிலைச்சுப்போச்சு.

1926இல் பட்டாள அணி நியூசிலாந்துக்குப் போச்சு. அதில் இவரும் ஒருத்தர். உடுத்த நல்ல துணிமணி வாங்கக்கூட வசதி இல்லாத சிப்பாய்கள், பட்டாளத்து உடுப்போடதான் கப்பல் ஏறினாங்க. 21 ஆட்டம் ஆடி 18 ஜெயிச்சுட்டுத் திரும்பினாங்க. வந்ததும் தியான் சந்துக்கு லான்ஸ் நாயக் பதவி உயர்வு கிடைச்சது.

1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். இந்திய ஹாக்கி அணி பம்பாயில் கப்பல் ஏறினப்போ வழியனுப்ப வந்தவங்க எத்தனை பேர் தெரியுமா? மூணே மூணு பேர். அங்கே போய் 5 ஆட்டத்தில் 29 கோல் போட்டாங்க. எதிரணி ஒரு கோல்கூடப் போடலை. அந்த 29இல் 14 தியான் சந்த் போட்டது. கடைசி ஆட்டத்தன்னைக்கு அவருக்கு நல்ல காய்ச்சல். வேற சில ஆட்டக்காரர்களும் படுத்துட்டாங்க. அப்படியும் ஹாலந்தை 3க்கு 0ன்னு ஜெயிச்சாங்க. தங்கப் பதக்கத்தோடு திரும்பி வந்தப்போ அதே பம்பாய்த் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம். போகும்போது மூணு பேர், வரும்போது ஆயிரம் பேர். உலகத்து வழக்கம் அன்னைக்கும் அப்படித்தான் இருந்திருக்கு.

அவ்வளவு பேர் வாங்கின பிறகும் பட்டாளத்தில் அவர் சிப்பாய்தான். 1932 ஒலிம்பிக்குக்கு ஆள் எடுக்கிற போட்டி நடந்தப்போ, அவர் வடமேற்கு எல்லையில் பன்னு என்ற ஊரில் டியூட்டியில் இருந்தார். ஆடப் போக லீவு கொடுக்கலை. ஆனாலும் அவர் ஆட்டத்தைச் சோதிச்சுப் பார்க்கத் தேவையில்லைன்னு அப்படியே அணியில் சேர்த்துக்கிட்டாங்க. கூடவே அவர் தம்பி ரூப் சிங்கும் அணிக்குத் தேர்வானார். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் அமெரிக்க அணியை 24க்கு 1ன்னு தோற்கடிச்சாங்க. அதில் தம்பி போட்டது 10, அண்ணன் போட்டது 8. தம்பி தன்னைவிட அதிகம் போட்டதில் அண்ணனுக்கு வருத்தம் இல்லை. தம்பி தன்னைவிட நல்ல ஆட்டக்காரர்னு அவரே எழுதி வச்சிருக்கார். பயணத்துக்கு ஆன செலவை ஈடுகட்ட, திரும்பி வர்ற வழியில் ஐரோப்பாவில் ஊர் ஊராக ஆடிக் காசு சேர்த்துக்கிட்டுத்தான் வந்தாங்க. தங்கம் ஜெயிச்ச அணிக்கே கைக்காசு இல்லாத காலம் அது.

1936இல் ஜெர்மனியில் பெர்லின் ஒலிம்பிக். இந்தத் தடவை தியான் சந்த்தான் கேப்டன். போன உடனே ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனி 4க்கு 1ன்னு நம்ம அணியைத் தோற்கடிச்சிடுச்சு. எல்லாருக்கும் கலக்கம். கடைசி ஆட்டமும் அதே ஜெர்மனியோடதான். மழையால் ஒரு நாள் தள்ளிப் போய் ஆகஸ்ட் 15ஆம் தேதி நடந்தது. ஆட்டத்துக்கு முன்னாடி அறைக்குள்ளே, கூட வந்த அதிகாரி பங்கஜ் குப்தா காங்கிரஸின் மூவர்ணக் கொடியை எடுத்து விரிச்சார். வெள்ளைக்காரன் ஆட்சிப் பட்டாளத்தில் சம்பளம் வாங்குற ஆட்களும் அதுக்கு வணக்கம் வச்சுட்டுத்தான் மைதானத்தில் இறங்கினாங்க. அதே ஆகஸ்ட் 15இல்தான் 11 வருசம் கழிச்சு நமக்குச் சுதந்திரம் வந்தது.

அன்னைக்கு ஈரத் தரை. முதல் பாதியில் ஒரு கோல்தான் விழுந்தது. இரண்டாம் பாதியில் கேப்டன் ஆணி வச்ச பூட்ஸையும் காலுறையையும் கழற்றிப் போட்டுட்டு ஓட ஆரம்பிச்சார். ஜெர்மனி கோல்கீப்பர் மோதியதில் அவருக்கு ஒரு பல்லே போயிடுச்சு. வைத்தியம் பார்த்துட்டுத் திரும்பி வந்தவர் பழிக்குப் பழி வாங்கலை. கோல் போட வேண்டாம், பந்தை அவங்க கோல் பக்கம் கொண்டுபோறதும் திருப்பிக் கொண்டுவர்றதுமா வித்தை காட்டுங்கன்னு தன் ஆட்களுக்குச் சொன்னார். அடிச்சவனைத் திருப்பி அடிக்காம, ஆட்டத்தாலே பாடம் சொல்லிக் கொடுத்தார். முடிவில் 8க்கு 1ன்னு ஜெயிச்சு மூணாவது தங்கம் வாங்கினாங்க. அப்புறம் உலகப்போர் வந்து ரெண்டு ஒலிம்பிக் நடக்காமலே போச்சு.

அதே 1936இல்தான் ஜானகி தேவியோடு அவருக்குக் கல்யாணம் நடந்தது. ஏழு மகன்கள், பெண் பிள்ளைகள்னு பெரிய குடும்பம். ஜானகி அம்மாவைப் பற்றிப் புத்தகங்களில் ரெண்டு வரிக்கு மேல் கிடைக்காது. ஆனா நாம ஊகிச்சுக்கலாம். புருசன் எல்லையில் இருப்பார், இல்லாட்டிப் போட்டிக்குப் போயிருப்பார். பட்டாளச் சம்பளத்தில் இத்தனை பிள்ளைகளுக்கும் சோறு, துணி, படிப்பு, காய்ச்சல், தலைவலி எல்லாம் பார்த்தது யாரு? தங்கப் பதக்கத்தில் அந்த அம்மா பேரு இல்லை. அவங்க இல்லாம அந்தக் குடும்பமும் இல்லை.

தியான் சந்த் வீட்டில் இருக்கும்போது வேற மனுசர். அவருக்கு மீன் பிடிக்கிறதில் கொள்ளை ஆசை. தானே அடுப்படியில் நின்னு கறியும் மீனும் சமைப்பாராம். ஆறு வருசம் மட்டும் பள்ளிக்கூடம் போனவர் படிப்படியாக உயர்ந்து அதிகாரி ஆனார். 42 வயசிலும் கிழக்கு ஆப்பிரிக்கா போய் ஆடிட்டு வந்தார். 1952இல் தன் கதையைக் கோல் என்ற பேரில் புத்தகமாக எழுதினார். அது வெளிவந்தது நம்ம சென்னையிலிருந்துதான். 1956இல் ஓய்வு பெற்றார். அதே வருசம் பத்மபூஷண் கிடைச்சது. அதுக்குப் பிறகு பாட்டியாலா விளையாட்டுப் பயிற்சி நிலையத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். கடைசியில் ஜான்சி வீட்டுக்கே வந்து சேர்ந்தார்.

இப்போதான் நான் சொல்ல வந்த முக்கியமான இடம். மூணு தங்கம் வாங்கின இந்த மனுசர், தன் மகன் அசோக் குமார் ஹாக்கி ஆடுறதை விரும்பலை. காரணம் வேற ஒண்ணும் இல்லை. ஹாக்கியில் பேரு வரும், காசு வராது. பிள்ளை படிச்சு ஒரு வேலைக்குப் போனாத்தான் நாளைக்குச் சாப்பாடுன்னு நினைச்சார். பட்டாளத்து ஓய்வூதியத்தில் பெரிய குடும்பத்தை இழுத்தவருக்கு அந்தப் பயம் வந்ததில் தப்பே இல்லை.

எங்க வீட்டிலும் இதே பேச்சு உண்டு. என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், ஹாக்கி ஆடுகிறாள். பொம்பளப் பிள்ளை மட்டையைத் தூக்கிட்டு அலைஞ்சாச் சோறு வருமான்னு மாமியார் கேட்பாங்க. அவளுக்கு ஷூ வாங்க நான் குழுவில் உள்கடன் எடுத்தப்போ வீட்டில் ரெண்டு நாள் சண்டை. மாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன். தியான் சந்த்துக்கே இருந்த பயம்தானே அவங்களுக்கும்!

அசோக் குமார் அப்பா பேச்சையும் மீறி ஆடினார். இந்தியன் ஏர்லைன்ஸில் வேலையும் கிடைச்சது. 1975இல் மலேசியாவில் உலகக் கோப்பை கடைசி ஆட்டம். பாகிஸ்தானை 2க்கு 1ன்னு ஜெயிச்சோம். அந்த வெற்றி கோலைப் போட்டது தியான் சந்த் மகன்தான். அப்பா கையில் வராத உலகக் கோப்பையை மகன் கொண்டுவந்தார். இந்திய ஆண்கள் அணி இதுவரைக்கும் வாங்கின ஹாக்கி உலகக் கோப்பை அது ஒண்ணுதான்.

அப்பாவின் கடைசி நாட்கள் நல்லா இல்லை. ஈரலில் புற்றுநோய் வந்து டெல்லியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாங்க. முதலில் பொது வார்டில்தான் கிடந்தார். பத்திரிகையில் எழுதின பிறகுதான் தனி அறை கிடைச்சது. 1979 டிசம்பர் 3ஆம் தேதி உயிர் பிரிந்தது. ஜான்சியில் அவர் ஆடித் திரிஞ்ச மைதானத்திலேயே, பட்டாள மரியாதையோடு தகனம் செஞ்சாங்க. மறு வருசம் தபால்தலை வந்தது. அப்புறம் டெல்லி ஸ்டேடியத்துக்கு அவர் பேர் வச்சாங்க. நாட்டின் பெரிய விளையாட்டு விருதுக்கும் 2021இல் அவர் பேரையே வச்சாங்க. அவர் பிறந்த ஆகஸ்ட் 29தான் தேசிய விளையாட்டு நாள். எல்லாம் நல்லதுதான். ஆனா இதில் ஒண்ணைக்கூட அவர் கண்ணால் பார்க்கலை.

சகோதரிகளே, நம்ம கிராமங்களில் பட்டாளத்தில் இருந்து வந்த அண்ணன்மார், தாத்தாமார் எத்தனையோ பேர் இருக்காங்க. அவங்க வீட்டுப் பெண்கள் நம்ம குழுக்களிலும் இருக்காங்க. அவங்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் நல்லா இருக்கும்போதே ஓய்வூதிய ஆணையை எடுத்துப் பாருங்க. அதில் உங்க பேரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கான்னு பார்த்துக்குங்க. தப்பு இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்க. குடும்ப ஓய்வூதியம் வாங்கற சமயத்தில் ஒரு எழுத்துப் பிழைக்காக அலையக் கூடாது.

வருகிற ஆகஸ்ட் 29 அன்னைக்கு ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு பழைய பட்டாளத்துக்காரரையும், அவர் மனைவியையும் சேர்த்துக் கூப்பிட்டு உட்கார வைப்போம். பெரிய மாலை வேண்டாம். ஒரு டீயும் கடலைமிட்டாயும் கொடுத்து, அவங்க சொல்லுறதைக் காது கொடுத்துக் கேட்போம். மனுசர் உயிரோட இருக்கும்போதே செய்வோம்.

இப்படிக்கு,
கோவில்பட்டி வட்டாரக் குழு உறுப்பினர் ஒருவர்